இயங்கும் நிலையில் உள்ளது

'கெட்டுப்போச்சு' என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வராது. பத்து வருஷத்துக்கு மேல் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தோம், ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. ஆசிரியைகள் அறையில் டியூப்லைட் கண்ணடித்துக்கொண்டே இருக்கும். "செத்த நேரம் பொறுங்கக்கா, எரியும்" என்பாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, சேலையைத் தூக்கிச் செருகி, குழாயை இப்படி ஒரு திருகு அப்படி ஒரு திருகு. எரிந்துவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது எரியாமல் போயிருந்தால் புதுசு ஒன்று வாங்கியிருப்பார்கள். அவள் திருகித் திருகி எரியவைத்ததால் நாங்கள் எல்லோரும் நாலு வருஷம் அந்தக் கண்ணடிக்கிற வெளிச்சத்திலேயே சாப்பிட்டோம்.

செருப்பு அறுந்தால் ஊக்கு. குடைக்கம்பி ஒடிந்தால் சைக்கிள் ஸ்போக்ஸ். பள்ளிக்கூடத்து மணி விரிசல் விட்டு டொக் டொக்கென்று சத்தம் போட்டபோது, அதை எங்கே அடித்தால் கணீரென்று கேட்கும் என்று தேடிக் கண்டுபிடித்துச் சுண்ணாம்பில் ஒரு பொட்டு வைத்தவள் அவள்தான். கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு மணியிடம் என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "ஓட்டிரலாம்க்கா, பாவம் அது" என்றாள். மணிக்குப் பாவம் பார்த்த ஒரே ஆள்.

பள்ளிக்கூடம் திண்டுக்கல்லில், பெண் பிள்ளைகள் மட்டும் படிக்கிற, அரசாங்கம் சம்பளம் கொடுக்கிற தனியார் பள்ளி. நான் அங்கே ஆபீஸில் டைப்பிஸ்ட். என் வீட்டுக்காரர் அந்த ஆபீஸில் கிளார்க்காக இருந்து செத்துப்போனார், கருணை அடிப்படையில் எனக்கு வேலை போட்டார்கள். நிரந்தர வேலை. டைப்ரைட்டர் தவிர எனக்கு வேறு ஒரு வித்தையும் தெரியாது. அவளோ கணக்கில் பட்டம் வாங்கி, சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் படித்து வந்தவள். ஆனால் அவள் பெயர் அரசாங்கப் பதிவேட்டில் கிடையாது. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏதோ கொஞ்சம் பணம் கையில் கொடுக்கும், ஒவ்வொரு ஜூனிலும் 'இந்த வருஷமும் வா' என்று சொல்லும். அந்த ஒரு சொல்லுக்காக ஏப்ரல் முழுக்க அவள் முகம் செத்துக் கிடக்கும்.

குஜிலியம்பாறை பக்கம் ஒரு ஊர். முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவாள். அவ்வளவு சீக்கிரம் வருவதற்குக் காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கம்ப்யூட்டர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளில் ஏதோ மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கம்ப்யூட்டர் வந்து இறங்கியிருந்தன. இப்போது பார்க்கிற மாதிரி இல்லை. வெளிநாட்டில் வீட்டு டி.வி.யில் சொருகிப் பிள்ளைகள் விளையாடுகிற வகை. கீபோர்டு மாதிரி ஒரு தடித்த பெட்டி, அதற்குள்ளேயே எல்லாம். மூன்றுக்கும் சேர்த்துப் பாடங்களைப் படித்துக்கொடுக்க ஒரே ஒரு டிஸ்க் டிரைவ். அவள் வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் அந்த டிரைவ் கரகரவென்று பல்லைக் கடிக்க ஆரம்பித்தது. அது போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போய்விடும் என்று வாயால் சொல்லவில்லை, அது வேறு. இரண்டு வாரம் உட்கார்ந்து டிஸ்க்கில் இருந்த பாடத்தையெல்லாம் பாட்டுக் கேசட்டுகளில் ஏற்றினாள். பள்ளிக்கூடம் கேசட் வாங்கித் தரவில்லை. அவள் கல்யாணத்தில் பதிவு செய்த நாதஸ்வரக் கேசட்டின்மேல் ஏழாம் வகுப்புப் பாடம் ஏறியது. அந்தக் கேசட் முடிகிற இடத்தில் கொஞ்சம் மேளச் சத்தம் மிச்சம் இருக்கும், பிள்ளைகள் சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

டிரைவ் செத்தது. வாங்கித் தரச் சொல்லி எழுதினோம், இந்த ஊரிலேயே அப்படி ஒன்று கிடையாது என்று பதில் வந்தது. பாடங்களோ கேசட்டிலிருந்து நேராக ஓடமாட்டேன் என்று முரண்டு பிடித்தன. ஒவ்வொன்றும் டிஸ்க்கைக் கொண்டா டிஸ்க்கைக் கொண்டா என்றே கேட்டது. வேறு யாராக இருந்தாலும் துணியைப் போட்டு மூடிவிட்டுத் தையல் வகுப்பு எடுக்கப் போயிருப்பார்கள். இவள் கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தை, அதுவரை ஒருத்தரும் பிரிக்காத புத்தகத்தை, சாணித்தாள் அட்டை போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாளாம்.

நாலு மாசம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரேடியோ ரிப்பேர் செய்கிற பாய் ஒருவரிடம் ஒயரும் பின்னும் வாங்கி, மூன்றில் இரண்டு கம்ப்யூட்டரை முதுகோடு முதுகு இணைத்தாள். திரையில் ஒரே பூச்சி பூச்சியாக எழுத்து வந்தது. பிடுங்கினாள், மாட்டினாள், பிடுங்கினாள். ஒருநாள் மத்தியானம் ஆபீஸுக்குள் ஓடி வந்தாள். நெற்றியில் வேர்வை, கையில் ஒயர்.

"அக்கா, ஒயர மாத்திப் போடணும்க்கா! இதோட வாய அதோட காதுல குடுக்கணும். நான் வாய்க்கு வாய் குடுத்துட்டு இருந்திருக்கேன்!"

"ஏ இவளே, என்ன ஒளர்ற?"

"வந்து பாருங்கக்கா."

போய்ப் பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டரில் அவள் எழுதிய ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் பாடத்தைக் கேட்டாள். முணுக்கென்றுகூடச் சத்தமில்லை, பாடம் வந்து நின்றது.

"இது டிஸ்க்கக் கேக்குதுல்ல? அது 'நான்தான் டிஸ்க்கு, இந்தா வச்சுக்க'ன்னு எடுத்துக் குடுக்கும். குடுக்குறது டிஸ்க்கா இன்னொரு கம்ப்யூட்டரான்னு இதுக்குத் தெரியாதுக்கா."

"நல்லாத்தான் பொய் சொல்லக் கத்துக் குடுத்துருக்க."

"பொய் இல்லக்கா, சமாளிப்பு" என்றாள்.

டிரைவாக நடிக்கிற அந்தப் பெட்டிக்கு ஒரு குறை இருந்தது. கரண்ட் போனால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். தினமும் காலையில் கேசட்டைப் போட்டு, கீ கீ என்று அது கத்துவதைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு பாடமாக அதன் தலையில் ஏற்ற வேண்டும். முக்கால் மணி நேரம். அதற்குத்தான் முதல் பஸ். திண்டுக்கல்லில் கரண்ட் போவதற்குச் சொல்லவா வேண்டும்? போன கரண்ட் வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒரு நாளில் மூன்று தடவை ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன். முகத்தில் ஒரு சலிப்பு கிடையாது. அந்தச் சலிப்பின்மை எனக்குப் பிடிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்தில் இப்படி ஒருத்தி இருந்தால் நமக்கு நம் மேலேயே எரிச்சல் வரும்.

அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். முதலில் மாசம் ஒரு தடவை வந்தார். பிறகு தீபாவளிக்குத் தீபாவளி. பிறகு அதுவும் இல்லை. அங்கே அவருக்கு வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று அவள் ஊர்க்காரி ஒருத்தியே என் காதில் போட்டாள். நான் சும்மா இருப்பேனா? சாப்பாட்டு நேரத்தில் கேட்டேவிட்டேன்.

"உம் புருசன் வாராரா இல்லையா? வாயத் தொறந்து சொல்லுடி."

"வேல ஜாஸ்திக்கா. வருவாரு."

"எம்புட்டு நாளைக்கு இதையே சொல்லுவ?"

"வராம எங்கக்கா போகப் போறாரு. வெஞ்சனம் எடுத்துக்கங்க, அவரக்கா பொரியல்."

அந்த வருஷம் தீபாவளிக்கு நாகல்நகர்ப் பக்கம் ஒரு கடையில் மகளுக்குப் பாவாடைத் துணி எடுத்தாள். நானும் கூடப் போயிருந்தேன். துணியைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, மேலே திருப்பூர் முகவரியை அவர் கையெழுத்து மாதிரியே எழுதினாள். "அப்பா அனுப்புச்சாருன்னு குடுப்பேன்க்கா, பிள்ளைக்குத் தெரியவா போகுது" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். அவள் எழுத்தின் சாயலே இல்லை, அச்சு அசலாக ஓர் ஆம்பளைக் கையெழுத்து. எத்தனை தடவை எழுதிப் பழகினாளோ, சண்டாளி. அன்றைக்கு நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி வந்துவிட்டேன்.

அப்புறம் கல்வித் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. புதுக் கம்ப்யூட்டர்களும் அதோடு ஒரு நிரந்தர ஆசிரியர் பணியிடமும் மாவட்டத்தில் சில பள்ளிகளுக்குத் தருகிறார்கள். ஏற்கெனவே கம்ப்யூட்டர் வாங்கிய பள்ளி என்றால், பழையதைக் 'கண்டம்' செய்திருக்க வேண்டும். அரசாங்கத்தில் ஒரு பொருள் தானாகச் சாக முடியாது. ஓர் அதிகாரி வந்து பார்த்து, இது உபயோகமற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது செத்ததாகக் கணக்கு. அந்தக் கையெழுத்துக்குப் பெயர்தான் கண்டம். பழையது கண்டமானால் புதியது வரும், புதியது வந்தால் பணியிடம் வரும், பணியிடம் வந்தால் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிற இவள் பெயரைத்தான் பள்ளிக்கூடம் எழுதி அனுப்பும். ஓய்வூதியத்தோடு கூடிய வேலை. வருஷா வருஷம் ஏப்ரலில் சாக வேண்டியதில்லை.

தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"அவகிட்ட பக்குவமா சொல்லிரும்மா. ஆபீசர் வர்ற அன்னைக்கி அங்க ஒன்னும் ஓடக் கூடாது. இவ பாட்டுக்கு வித்தை காமிச்சு வைக்கப் போறா."

அதோடு விட்டிருக்கலாம். சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "புதுசு மட்டும் வரட்டும், ஆபீஸ் வேலையையும் அதுலயே போட்டுரலாம். இவளே பாத்துக்குவா. ஒன்னோட டைப்ரைட்டர எடைக்குப் போட்டுட்டு நீ நிம்மதியா ஒக்காரு."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவளிடம் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடினாள்.

"ஓடுறத ஓடலன்னு எப்படிக்கா சொல்றது?"

"நீ ஒன்னும் சொல்ல வேணாம். வாயத் தொறக்காம நில்லு, போதும். டிரைவு செத்துப்போனது நெசந்தானே?"

"அது நெசந்தான்."

"அப்பறம் என்ன? கிறுக்குத்தனம் பண்ணிராத. ஒம்பொழப்பு அதுலதான் இருக்கு."

"சரிக்கா" என்றாள். சத்தியமாகச் சரி என்றுதான் சொன்னாள்.

அதிகாரி வந்தார். ஓய்வு பெறப் போகிற வயசு, தும்பைப்பூ மாதிரி வேட்டி, சாதுவான மனுஷன். நான் நோட்டும் பேனாவுமாகப் பின்னால் போனேன். அவள் சுவரோரமாக நின்றாள். டிரைவை அவரே போட்டுப் பார்த்தார். கரகரவென்று ஒரு சத்தம், திரையில் பிழை. இன்னொரு தடவை. அதே பிழை. "முடிஞ்சது கதை" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் குறித்துக்கொண்டேன். அவர் வாசல்வரை போய்விட்டார். போனவர் திரும்பி அவளைப் பார்த்து, உண்மையிலேயே பரிதாபப்பட்டு, ஒரு வார்த்தை சொன்னார்.

"பாவம், இத்தன வருசமா பிள்ளைக ஒன்னுமே பாக்கலயா? நீங்களும் சும்மா வந்துட்டு வந்துட்டுப் போயிருக்கீங்க."

அவ்வளவுதான். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கண்ணாலேயே வேண்டாமென்று சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. இரண்டாவது கம்ப்யூட்டர்மேல் கிடந்த துணியை எடுத்தாள். பாவி மகள், அன்றைக்கும் முதல் பஸ்ஸில் வந்து எல்லாப் பாடத்தையும் ஏற்றி வைத்திருக்கிறாள்! ஓட்டக் கூடாது என்று தெரிந்தும் ஏற்றி வைத்திருக்கிறாள்.

"சார், ஒரு நிமிசம். சும்மா வரலிங்க சார்."

அதிகாரி சாப்பாட்டை மறந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாடம் பாடமாகக் கேட்டு வாங்கினார். ஒயரைப் பிடுங்கலாமா என்று கேட்டார். பிடுங்கினார், பிழை வந்தது. மாட்டினார், பாடம் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி இதையே நாலு தடவை செய்தார். "இது எங்கம்மா படிச்ச? ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் வாயையும் காதையும் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு அழகாக நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

இனி சொல்லப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் அறிக்கையை அவர்களாக எழுத மாட்டார்கள். பள்ளிக்கூடத்து டைப்பிஸ்ட் அடித்து வைப்பாள், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். அதுதான் வழக்கம், எல்லாப் பள்ளியிலும். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவர், என் மேஜைப் பக்கம் நின்றார்.

"டிரைவு செத்துப் போனதும் நெசம், அந்தப் பொண்ணு ஓட்டுறதும் நெசம். எதப் போட்டாலும் தப்பில்ல. ஒங்க ஸ்கூலுக்கு எது நல்லதோ அதையே அடிங்கம்மா, நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

நாலு தாள், இடையில் மூன்று கார்பன். எல்லாம் அடித்து முடித்து அந்த ஒரு வரிக்கு வந்து நின்றேன். 'உபயோகமற்றது' என்று அடித்தால் அவளுக்கு வேலை. ஒரு சொல். அவள் செய்த கிறுக்குத்தனத்தையெல்லாம் அந்த ஒரு சொல்லால் துடைத்துப் போட்டிருக்கலாம்.

'மாற்று ஏற்பாட்டின் மூலம் இயங்கும் நிலையில் உள்ளது' என்று அடித்தேன்.

சொல்லைக் கேட்காமல் போனாளே என்ற கோபம் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையைத்தானே அடித்தேன் என்றும் சொல்லிக்கொண்டேன். கோபமும் இல்லை, உண்மையும் இல்லை. பயம். அதற்கு அடியில் பொறாமை. டைப்ரைட்டர் எடைக்குப் போய்விடும் என்ற பயத்தில், ஒருத்தியின் பொழப்பில் மண் அள்ளிப் போட்டேன். அவர் படித்துக்கூடப் பார்க்கவில்லை, கையெழுத்துப் போட்டார்.

உத்தரவு வந்தபோது புதுக் கம்ப்யூட்டர்கள் வேறொரு பள்ளிக்குப் போயிருந்தன. தலைமையாசிரியை அவளை நிற்கவைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினார். "நல்லா ஓட்டுன! இப்ப அதையே கட்டிக்கிட்டு அழு!" அந்த வரியை அதிகாரிதான் எழுதச் சொன்னார் என்றே எல்லோரும் நம்பினார்கள். நான் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவள் என்னிடம் சொன்னாள்: "நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்கக்கா. நான்தான் கேக்கல." அப்புறம், "அந்த ரிப்போர்ட்டுல ஒரு காப்பி கிடைக்குமாக்கா?" என்று கேட்டாள். கடைசிக் கார்பன் நகலைக் கொடுத்தேன்.

மேலும் ஐந்து வருஷம் கேசட்டைப் போட்டுப் போட்டு ஓட்டினாள். பிறகு ஏதோ ஒரு கம்பெனி ஒப்பந்தத்தில் புது லேப் போட்டது, கம்பெனியே ஆளையும் கொண்டுவந்தது. அந்த ஜூனில் அவளிடம் யாரும் 'வா' என்று சொல்லவில்லை. பழைய பெட்டிகளைக் கண்டம் பண்ணினார்கள். அந்த அறிக்கையையும் நான்தான் அடித்தேன். என் மேஜைக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள், அவ்வளவுதான். நான் எதற்குப் பயந்தேனோ அது வந்து எதிரே உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒரு கேடும் செய்யவில்லை.

அவள் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லுக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். விசாரிக்கவில்லை. எந்த முகத்தோடு விசாரிப்பது?

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஆபீஸுக்கு வந்தாள். பாதி தலை நரைத்திருந்தது, முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து என் மேஜையில் விரித்தாள். அந்தக் கார்பன் நகல். மடிப்புகளில் கிழிந்து, நீல எழுத்தெல்லாம் கரைந்து, அந்த வரி இருந்த இடத்தில் ஒரு அழுக்கு மட்டும் இருந்தது.

"மக இஞ்சினீரிங் காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்குதுக்கா. நான் பள்ளிக்கூடத்துக்குப் போனது தெரியும், டிரைவு இல்லாமலே கம்ப்யூட்டர ஓட்டுனவதான்டின்னா நம்ப மாட்டேங்குது. மில்லுக்குப் போற அம்மாவுக்குக் கம்ப்யூட்டரான்னு சிரிக்குது. இதக் காட்டலாம்னு எடுத்தா எழுத்தே இல்ல. ஆபீஸ் காப்பி இருக்குமாக்கா?"

"இருக்கும், உக்காரு" என்றேன்.

கோப்பைத் தேடி எடுத்தேன். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் மறுபடி முழுசாக அடித்தேன். அந்த வரியையும் அடித்தேன். இரண்டாம் தடவை. 'உண்மை நகல்' முத்திரை குத்தி, தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்தாள். அந்த வரி வந்ததும் விரலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தாள்.

"எனக்குன்னு சாட்சி சொல்ல இந்த ஒரு வரிதான்க்கா இருக்கு. அன்னைக்கி அவரு ஓடலன்னு எழுதியிருந்தா, நான் ஒன்னுமே செய்யாதவளாத்தானே போயிருப்பேன்?"

நான் முத்திரையை மைப்பெட்டிக்குள் வைத்து மூடினேன். சொல்லிவிடலாம் என்று நெஞ்சு வரைக்கும் வந்தது.

அவள் தாளை மடிக்காமல் ஒரு அட்டைக்குள் வைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"எழுதுன கை நல்லா இருக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.